கடக்

மழை விடாத நான்காம் நாள்
மரியசூசை மூன்றாவது சோலனாய்டையும்
என் மேசையில் போட்டார்.
"இதுவும் செத்துப்போச்சு, சயாமா.
சாவியைத் திருப்பினா ஒரு கடக். அவ்வளவுதான்."
மூன்றும் ஒரே கடை, ஒரே அட்டைப்பெட்டி.
விற்ற சீனன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர் தீர்ப்பு.

நான் தீர்ப்பு சொல்வதில்லை.
அறுத்துப் பார்ப்பேன்.

முதலாவதன் உள்ளே
ஸ்பிரிங் இருந்த இடத்தில் கொஞ்சம் சிவப்புப் பொடி.
தண்டு போன இடத்திலேயே உறைந்து கிடந்தது.
ஏதோ ஒரு லாரிக்காகச் செய்த பொருள் இது.
மழை மேலிருந்து வரும் என்று மட்டும்
இதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
சல்வீனில் நீர் கீழிருந்தும் வரும்,
கடல் ஏறும் நேரத்தில் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவதைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் நாற்றம்.
ஐந்தாறு நொடி இழுத்துவிட்டு விடுவதற்காகச் சுற்றிய கம்பி.
என்ஜின் கிளம்பாத கோபத்தில்
யாரோ சாவியை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
மரியசூசை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வேறு மாதிரி.
சுருள் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் துள்ளியது.
செம்புத் தட்டு முழுக்க அம்மைத் தழும்பு.
தட்டு போய் முட்டுகிறது, கடக்,
தழும்பின் மேல் மின்சாரம் கால் வைக்க மறுக்கிறது.

மீட்டரை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினேன்.
பேட்டரியில் பன்னிரண்டரை.
சாவியைத் திருப்பச் சொல்லி சோலனாய்டில் தொட்டால் எட்டு.
எட்டு வோல்ட் பிடித்த தண்டு
பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும்,
விடுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு குட்டி மின்னல்.
இருக்கைப் பலகையைத் தூக்கினேன்.
கறுப்பு வயரின் நுனியில், என்ஜினோடு இறுக்கிய இடத்தில்,
மயில்துத்தம் போலப் பச்சை பூத்திருந்தது.
"வயரை மாத்துங்க" என்றேன்.
"வயர் பழசு, ஆனா கெட்டி" என்றார்.
நாலாவது பெட்டியைப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரைக்கு போன்.
பிலூ தீவுக்குப் பாதி வழி, படகில் பதினாலு பேர்,
ஒரு கல்யாண மெத்தை வேறு.
விசிறியில் சுற்றிய ஆகாயத்தாமரையை அறுக்க
என்ஜினை நிறுத்தினாராம்.
திரும்பக் கிளப்பியதும்
ஸ்டார்ட்டர் நிற்கவே மாட்டேன் என்கிறதாம்.
"சாவி என் கையில இருக்கு சயாமா!
கழட்டிட்டேன்! இன்னும் சுத்துது!"
பின்னால் பல் அரைபடும் சத்தம் எனக்கே கேட்டது.
தட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது.
எட்டு வோல்ட்டில் நடுங்கி நடுங்கி
கடைசியில் உருகிப் பிடித்துக்கொண்டது.

"பேட்டரி வயரைப் பிடுங்குங்க!"
"சுடுது!"
"துணியைச் சுத்திப் பிடுங்குங்க!"

அப்புறம் நடந்ததை
மா கின் ஏ திங்கட்கிழமை டீக்கடையில்
நடித்தே காட்டினாள், அவளும் அந்தப் படகில் இருந்தவள்.
பதினாலு பேர் பார்க்க லுங்கியை அவிழ்த்தாராம்,
கையில் சுற்றினாராம்,
அரைக்கால் சட்டையோடு குனிந்து இழுத்தாராம்.
மெத்தைக்கார அம்மா மட்டும்
முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

போனில் எனக்குக் கேட்டது
திடீரென்று வந்த அமைதியும் மழையும்தான்.
"எது சுட்டுச்சு?" என்று கேட்டேன்.
ரொம்ப நேரம் கழித்து,
"கறுப்பு" என்றார்.

மறுநாள் அவர் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை.
இரண்டு கஜம் தடித்த வயர்,
ஒரு டப்பா கிரீஸ்,
சீனனுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் வாழைப்பழம்.

அறுத்த மூன்றும் என் ஜன்னலில் இருக்கின்றன.
ஒன்றில் வாஷர் போட்டு வைக்கிறேன்.
படகு விடியலில் கிளம்புகிறது.
இப்போதும் அந்தக் கடக் உண்டு.
அடுத்த நொடியே என்ஜின் அதன் மேல் ஏறிக்கொள்வதால்
எவர் காதிலும் விழுவதில்லை,
காத்திருந்து கேட்கிற என்னைத் தவிர.